வெட்டாத தங்கத்துக்கு விலை சொன்ன வருடங்கள்

போன மாதம் நித்யா கூப்பிட்டாள். பெங்களூர் அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகியவள். இப்போது வேறோர் இடத்தில் அதே வேலையைப் பார்க்கிறாள். "சார், எங்க சித்தப்பா ஒரு தங்கக் கம்பெனி பேரச் சொல்லி, பங்கு வாங்கலாமான்னு கேக்குறார். அந்தக் கம்பெனி இப்ப என் டேபிள்லதான் இருக்கு. என்ன சொல்லித் தப்பிக்கிறது?"

ஒன்றும் சொல்லாதே என்பதுதான் விதிப்படியான பதில். வாய்வரை வந்தது. வீட்டுக்குப் பின்னால் தென்னைகளை மலைக்காற்று ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. வீரபாண்டியில் இந்தக் காற்று தொடங்கினால் வாய் திறப்பதே சிரமம். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "எழுதி அனுப்புறேம்மா" என்று வைத்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் இது அவளுக்கு மட்டுமானதாகத் தெரியவில்லை. தங்கம் ஏறுகிறது. வளையல் வாங்கப் போனவர்கள் மூக்குத்தியோடு திரும்புகிறார்கள். நகை வாங்க முடியாதவர்களுக்கு, நகை ஆகாத தங்கத்தின் மீது ஆசை வந்திருக்கிறது. போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பவரும் கம்பத்தில் திராட்சைக்கு மருந்தடிப்பவரும் கைபேசியில் எங்கோ கனடாவில் பதிவான கம்பெனியின் பங்கை வைத்திருக்கிறார்கள். என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்துகிறார்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னைத் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர் என்பார்கள். நான் சுரங்கத்துக்குள் இறங்கியதே அபூர்வம். நான் பார்த்த கம்பெனிகளுக்குச் சுரங்கமே கிடையாது. ஜூனியர் கம்பெனி என்று பெயர். அவர்களிடம் ஓர் இடத்துக்கான அனுமதி இருக்கும், அந்த இடத்தில் போட்ட சில துளைகள் இருக்கும், துளைகளுக்கு நடுவில் இவ்வளவு தங்கம் படுத்திருக்கிறது என்று சொல்லும் ஓர் அறிக்கை இருக்கும். அவ்வளவுதான். ஒரு குன்றிமணி கூட விற்றிருக்க மாட்டார்கள். அடுத்த துளைக்குக் காசு வேண்டுமென்றால் புதுப் பங்கு வெளியிடுவார்கள். பழைய பங்குக்காரனின் பாத்தியதை அந்த அளவுக்குச் சுருங்கும். அந்தப் பங்கை வாங்கலாமா என்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கேட்பார்கள். பாறையைப் படித்து, ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கொடுப்பது எங்கள் சிறிய அலுவலகத்தின் பிழைப்பு.

படித்தது மண்ணியல். பழகியது கர்நாடகத்துப் பொட்டல்களில், தகரக் கொட்டகைகளுக்குள். துளைக்கருவி பூமியிலிருந்து உருவி எடுத்த கல், மூங்கில் தடிமனில், மரத்தட்டுகளில் வரிசையாகப் படுத்திருக்கும். தண்ணீர் தெளித்தால் விழித்துக்கொள்ளும். சாம்பலாக இருந்தது பச்சையாகும், பச்சைக்குள் வெள்ளை நரம்பு ஓடும், நரம்பின் ஓரத்தில் கந்தகக் கல் மினுங்கும். தங்கம் கண்ணில் படாது. தங்கத்தோடு சகவாசம் வைத்த கற்களின் முகத்தைத்தான் நாங்கள் பார்ப்போம். அந்த வருடங்களைச் சொல்ல இவ்வளவு போதும்: வெயில், ஈரக்கல்லின் மணம், முழங்கால் வலி.

அதன்பிறகு பெங்களூர் அலுவலகம், அதை நடத்திய அன்னம்மா மேடம்.

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக் குடும்பம். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப்பக்கம் பிறந்தவர். மலையாளம் கலந்த தமிழ். குரல் எழும்பாது. கோபம் வந்தால் இன்னும் தாழும். அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். அவர் கையில் முதல் அறிக்கையைக் கொடுத்த அன்று, தங்கத்தின் அளவு எழுதிய பக்கத்தை மடக்காமல் திறந்து வைத்திருந்தேன், பார்க்கட்டும் என்று. அவர் அதை மூடினார்.

"சுருளி, மேப் எவிடெ?"

வரைபடத்தை எடுத்து வைத்தேன். பென்சிலால் முதலில் தண்ணீரைத் தேடி நீலம் போட்டார். பிறகு சாலை எங்கே வந்து நிற்கிறது. மின்கம்பி எதுவரை. பிறகு வீடுகள், ஒவ்வொரு கூரைக்கும் ஒரு புள்ளி. தங்கம் இருக்கிற இடத்தை அவர் தொடவே இல்லை. "ஆத்யம் இதெல்லாம். தங்கம் கடைசியில பாத்தா மதி. அது எங்கயும் ஓடிப் போகாது, கேட்டோ."

அதன் பிறகுதான் துளைகள். கம்பெனி கொடுத்த படத்தை நம்ப மாட்டார். உயரத்தை நீட்டி, அகலத்தைக் குறுக்கி, மெல்லிய நரம்பைப் பெரிய தூண்போலக் காட்டியிருப்பார்கள். கட்டம் போட்ட தாளில், குறுக்குக்கும் நெடுக்குக்கும் ஒரே அளவில், ஒவ்வொரு துளையும் எந்தச் சாய்வில் இறங்கியதோ அந்தச் சாய்வில் கையால் வரைய வேண்டும். கணினி இருக்கிற காலத்தில்தான். "கை வரச்சா கண்ணு நிக்கும்" என்பார்.

வரைந்து முடித்தால் மேசை இழுப்பறையிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுப்பார். கெட்டி அட்டை. அதை நீளவாக்கில் கத்தரித்து, ஆகச் சிறந்த துளையின் மேல் வைத்து மறைத்துவிடுவார். "இப்போ நோக்கு."

பல அறிக்கைகள் அந்த அட்டைக்கடியில் செத்துப்போயின. நாற்பது மீட்டர் நீளத்துக்கு நல்ல சராசரி என்று எழுதியிருப்பார்கள். உள்ளே போனால் மொத்தத் தங்கமும் ஒரு மீட்டரில் இருக்கும், மீதி வெறும் கல். அண்டாப் பாயசத்தில் முந்திரியெல்லாம் ஒரே கரண்டியில் வந்த கதை. அந்த ஒரு துளையை எடுத்த பின்னும் மிச்சம் எழுந்து நின்றால்தான் மேடம் அடுத்த பக்கம் புரட்டுவார். கடைசியாக எப்போதும் ஒரே கேள்வி: "இத யாரு எடுப்பா?"

யார் எடுப்பார்கள், எந்தத் தண்ணீரில் கழுவுவார்கள், அதற்குள் எத்தனை முறை பங்கு வெளியிடுவார்கள். தங்கம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று விடை வந்த பிறகும், வாங்காதே என்று எழுத வேண்டி வரும். அது பழக எனக்கு நாளானது.

இன்னொரு விதியும் இருந்தது. எந்தக் கம்பெனி எங்கள் மேசையில் இருக்கிறதோ அதைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது. நல்லது என்றும் கூடாது, கெட்டது என்றும் கூடாது. நாங்களோ எங்கள் வீட்டாரோ வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மேசையில் இல்லாத கம்பெனிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியில் ஒரு ஓட்டை இருப்பது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊரடங்குக் காலத்தில் அலுவலகம் வீடுகளுக்குள் கலைந்தது. நான் வீரபாண்டிக்கு வந்து மாடி அறையில் கணினியை வைத்தேன். கல் வரவில்லை; கல்லின் படம் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எவரோ தண்ணீர் தெளித்துப் படமெடுத்த மரத்தட்டுகளை, ஜன்னலில் முல்லையாறு தெரிய, நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படிப்பேன். எங்கே கல் இருக்கிறது என்பதைவிட எங்கே கல் இல்லை என்று. தட்டில் இடைவெளி இருந்தால், அந்த ஆழத்தில் பாறை நொறுங்கிப் போயிருக்கிறது. நொறுங்கிய இடத்தில்தான் தங்கமும் தண்ணீரும் தகராறும் ஒன்றாக இருக்கும்.

என் தங்கை ஈஸ்வரியைக் கெங்குவார்பட்டியில் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் வீரணன், மாந்தோப்புக் குத்தகைக்காரர். தை பிறந்து மரம் பூத்ததும் தோப்புத் தோப்பாக நடப்பார். பூவைப் பார்த்தே, வைகாசியில் என்ன காய் இறங்கும் என்று கணக்குப் போட்டுத் தோப்புக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பார். காய் வந்தால் அவருடையது; பனியடித்தால், தத்துப்பூச்சி விழுந்தால், நட்டமும் அவருடையது. தேனிக்கு மருந்து வாங்க வருகிறபோதெல்லாம் என் மாடிக்கு ஏறிவிடுவார்.

முதல்முறை திரையைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், போர் போட்ட கல்லயெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கீக?" என்றார்.

"ஆயிரம் அடி மாப்ள."

"தண்ணி வந்துச்சா?"

"இது தண்ணிக்குப் போட்டதில்ல. தங்கத்துக்கு."

"ஆயிரம் அடி போட்டுத் தண்ணியும் வரல, தங்கமும் கண்ணுல தெரியல. இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாக" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கே அவருக்குப் பிடித்துப்போயிற்று. பூவைப் பார்த்துக் காய்க்கு விலை சொல்கிறவர். கல்லைப் பார்த்துத் தங்கத்துக்கு விலை சொல்கிறவனை வேறெப்படிப் பார்ப்பார்? கைபேசியில் ஒரு செயலி இறக்கிக்கொண்டார். போடி ஏலக்காய் வியாபாரிகள் வைத்திருந்த ஒரு குழுவில் சேர்ந்தார். வரும்போதெல்லாம் நாலைந்து பெயர்களோடு வருவார்.

எனக்கும் அது வேண்டியிருந்தது. நாள் முழுக்கப் பேசாத பாறைகளோடு இருப்பவனுக்கு மாலையில் ஒரு சபை. மேசையில் இல்லாத கம்பெனிகளை வெளுத்து வாங்குவேன்.

"அதுவா? அங்க தங்கத்த விட டைரக்டருக சாஸ்தி மாப்ள."

"இந்தா, இது?"

"பேர் மாத்துறதத் தவிர அவுக வேற ஒண்ணும் தோண்டினதில்ல."

"இது எப்பிடி?"

"கல்லு நல்ல கல்லு. ஆனா ரோடு போட்டு முடிக்கையில ஒங்க பேரன் காது குத்துக்கு மொய் எழுதணும்."

கூட வந்திருந்தால் ஈஸ்வரி கீழிருந்து, "அண்ணே, அவுகளச் சிரிக்க வச்சே இங்கனயே உக்கார வச்சிருங்க, தோப்ப நான் பாத்துக்கிறேன்" என்பாள்.

ஒரு தை மாதம். அப்போது என் மேசையில் ஒரே ஒரு கம்பெனி இருந்தது. ஒரே ஒரு இடம், நல்ல பாறை, ஆறு வாரங்களாக அதன் தட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் அந்தத் துளைகள் எந்த வரிசையில் இறங்கின என்று சொல்லுவேன். வீரணன் வந்தார். கடலை மிட்டாயை உடைத்துக்கொண்டே இரண்டு பெயர்களைச் சொன்னார். இரண்டையும் நான் கிழித்தேன். மூன்றாவதாக அந்தப் பெயரைச் சொன்னார்.

திரையில் அதன் கற்களை அப்போதுதான் சுருக்கி வைத்திருந்தேன். டீயைக் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "மேகமல பக்கம் மழையா மாப்ள? காத்து ஈரமா வருது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மிட்டாயை மென்று முடித்தார். "ஆமா மச்சான், லேசாத் தூறல்" என்றார். மறுபடி அந்தப் பெயரைக் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

நாலு நாள் கழித்து ஈஸ்வரி போன் செய்தாள்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலையாமே?"

"எதப் பத்தி?"

"அதான். ஒண்ணுமே சொல்லலையாம். அதுனால அசல் சரக்காத்தான் இருக்கும்னு சொல்றாக. இந்த வருசம் பெரிய தோப்பு வேணாம், அந்த அட்வான்ஸ அப்பிடியே அங்கன போடப் போறேன்னு நிக்கிறாக. நெசமாண்ணே?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள், ஏதோ ஊரறிந்த விஷயத்தைக் குழந்தைக்குச் சொல்வதுபோல. தோப்புக்குள் நடக்கும்போது வீரணன் வாய் ஓயாது. இது கிழட்டு மரம், இதில் பூ உதிரும், இதில் கறுப்புப் படிந்துவிட்டது என்று ஒவ்வொன்றையும் பழித்துக்கொண்டே போவார், விலையைக் குறைக்க. எந்த மரங்களை நம்பி விலை கொடுக்கப் போகிறாரோ அவற்றினடியில் மட்டும் பழிக்க நாக்கு வராது. அங்கே நின்று தோப்புக்காரரிடம் மழையைப் பற்றிக் கேட்பார்.

"நீங்களும் மழையக் கேட்டீகளாம்ல?" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பத்தின் ஒரு வருடத்துச் சாப்பாடு அந்த அட்வான்ஸ். என் எண்ணத்தில் அந்தக் கம்பெனி நல்லதோ கெட்டதோ, அவர் அதை வாங்கப் போவது என் எண்ணத்தை நம்பி அல்ல, என் வாய் மூடியிருந்ததை நம்பி. திருத்த வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் விதி போயிற்று. என்மீது நம்பிக்கை வைத்து மேடம் போட்ட கையெழுத்துகள் எல்லாம் போயின.

மேடத்தைக் கூப்பிட்டேன். குக்கர் சத்தம் கேட்டது. முழுக்கச் சொன்னேன். குக்கரை அணைத்தார், அந்த அளவுக்குக் குரல் தாழப் போகிறது என்று தெரிந்தது.

"நீ ஆ கம்பெனி பத்தி ஒண்ணும் பேசல."

"இல்ல மேடம்."

"அதுக்கு முன்ன வேற எத்ர கம்பெனி பத்தி பேசி?"

"நெறைய, மேடம்."

"அப்போ நீ பேசியாச்சு சுருளி. எப்பவும் பேசுற ஆளு ஒரு எடத்துல நிறுத்துனா, அதுதான் உரக்கக் கேக்கும். விதி எழுதுனவன் இத யோசிக்கல. நானும் யோசிக்கல. அபிப்ராயம் எழுதியாச்சோ?"

"எழுதிட்டேன். அனுப்பல."

"அனுப்பண்டா. படமும் கணக்கும் மட்டும் எனக்கு அனுப்பு. நான் முதல்ல இருந்து பாக்குறேன். கிளையன்ட்டுக்கும் சொல்லணும், ஒரு ஆளு விலகிட்டான்னு."

ஆறு வாரத்துப் பாறை கையை விட்டுப் போவது உடம்பில் தெரிந்தது. "என் மாப்ளகிட்ட?" என்றேன்.

"கம்பெனி பத்தி ஒண்ணும் சொல்லாதே. ஆனா இனி எதப் பத்தியும் பேச மாட்டேன்னு சொல்லலாமல்லோ. அது ரகசியம் இல்ல."

மறுநாள் காலையிலேயே கெங்குவார்பட்டிக்குப் போனேன். ஈஸ்வரி, பெரிய தோப்பில் இருக்கிறார் என்றாள். மத்தியானத்துக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் திண்டுக்கல் ஆள் வந்து முடித்துவிடுவாராம். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிய பனி இன்னும் தோப்பை விட்டு விலகவில்லை. பூ வாசம் ஈரமாக, கனமாக, துணியைப்போல மேலே விழுந்தது. மரத்துக்கு மரம் தேனீ இரைச்சல். வீரணன் ஒரு கல்லாமை மாமரத்தடியில், கைபேசியைப் பிடித்தபடி குத்தவைத்திருந்தார்.

"வாங்க மச்சான். நல்ல நேரத்துக்கு வந்தீக. வாங்கப் போறேன்."

"மாப்ள, நான் அன்னைக்குப் பேசாம இருந்ததுக்கு அர்த்தம் கெடையாது."

அவர் முகம் மலர்ந்தது. "சரி மச்சான்."

"நெசமாச் சொல்றேன். எனக்கு அது வேணும்னு அர்த்தமில்ல, வேணாம்னும் அர்த்தமில்ல."

"புரியுது மச்சான், புரியுது." கண்ணைச் சிமிட்டினார். வாங்குகிறவன் தனக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவனுக்கு வேண்டும் என்றுதான் அர்த்தம். முப்பது வருடம் அவர் தொழிலே அதுதான். நான் ஒரு வார்த்தை கூட்டினால் அவர் பத்துப் பங்கு கூட்டி வாங்குவார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இனிமே நான் எந்தக் கம்பெனியப் பத்தியும் ஒங்ககிட்டப் பேச மாட்டேன். கேட்டுப் பாருங்க."

அவருக்கு விளையாட்டாக இருந்தது. முதல் பெயரைச் சொன்னார், நான் போன வாரம் கிழித்துத் தொங்கவிட்ட கம்பெனி. நான் மரத்தைப் பார்த்தேன். இரண்டாவது, டைரக்டர்கள் நிறைந்தது. மரத்தைப் பார்த்தேன். பெயர் மாற்றுகிற கம்பெனி, ரோடில்லாத கம்பெனி. பிறகு அந்தப் பெயர். பூங்கொத்தில் ஒரு தத்துப்பூச்சி பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தது, அதையே பார்த்தேன். பிறகு இன்னும் மூன்று பெயர்கள்.

"என்ன மச்சான் இது," என்றார், குரலில் சிரிப்பு போயிருந்தது. "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மொகத்த வச்சுக்கிட்டா எது வேணும்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதான்."

"மச்சினன்னு ஒருத்தர் எதுக்கு இருக்காக?"

"மொய் வைக்க."

அவர் சிரிக்கவில்லை. கைபேசியை என் பக்கம் திருப்பாமல், தானே விரித்தார். கம்பெனி ஊருக்கெல்லாம் காட்டுகிற வரைபடம்தான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதுவரை அவர் அதைத் திறந்ததே இல்லை. தோப்புக்குள் நுழைகிற கண்ணோடு இப்போது நுழைந்தார்.

"லாரி எங்கன வரும்? இந்தா, ரோடு ஆத்துக்கு இந்தப் பக்கமே நின்னுருச்சு. பாலம் இல்ல." என் முகத்தைப் பார்த்தார். நான் பூச்சியைப் பார்த்தேன்.

"இது என்ன, கூரையா? ஊரு இருக்கு. ஊருக்கு அடியில போகுதா, ஒதுங்கிப் போகுதா?" பார்த்தார்.

"தண்ணி இருக்கு. தண்ணி நல்லாவே இருக்கு." பார்த்தார்.

அவர் சொன்னவற்றில் ஒன்று சரி. ஒன்று தப்பு. இன்னொன்று, ஆறு வாரம் படித்தும் எனக்கே தீர்மானமாகாதது. எது எது என்று என் நாக்கின் நுனியில் மூன்றும் வரிசையாக நின்றன. என் தொழிலில் அந்தக் காலைநேரத்தைப் போல எதுவும் கனத்ததில்லை. என் தங்கையின் கணவர், கல்யாணப் பத்திரிகை அட்டை இல்லாமலே, மேடம் தொடங்குகிற இடத்தில் தானாகத் தொடங்கியிருக்கிறார். ஆம் என்று தலையசைக்கவும் எனக்கு உரிமையில்லை.

தோப்புக்காரர் தூரத்திலிருந்து கூப்பிட்டார். "என்னப்பா வீரணா, திண்டுக்கல்காரக போன் பண்ணிட்டாக. வாரியா, வரலையா?"

வீரணன் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய பூவைத் தட்டினார். வரைபடத்தை இன்னொருமுறை பார்த்தார், பாலம் இல்லாத அந்த ஆற்றை.

"பறிக்கிறவன் யாருன்னு தெரியாத தோப்புக்கு நான் இதுவரைக்கும் பூவுல அட்வான்ஸ் குடுத்ததில்ல மச்சான்," என்றார். "இங்கன பறிக்கிறவன் நாந்தான். அது தெரியும்." கைபேசியை மடியில் செருகிக்கொண்டு தோப்புக்காரரை நோக்கி நடந்தார். நடக்கும்போதே பக்கத்து மரத்தைப் பழிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வருடக் கதை இனிப்பானதல்ல. மாசியில் பனி இறங்கிப் பாதிப் பூ கறுத்தது. காய் சுமார், கைக்கும் வாய்க்கும் சரியாகப் போயிற்று. தங்கம் ஏற, அந்தப் பங்கும் சித்திரையில் கண்ணுக்கு முன்னால் ஏறியது. வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தவர், தீச்சட்டிக் கூட்டத்தின் நடுவில் என் காதோரம் வந்து, "மௌனச் சாமி, இன்னைக்கு என்ன வெல தெரியுமா?" என்றார். ஈஸ்வரி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி இரண்டு முறை புதுப் பங்கு வெளியிட்டது, விலை இறங்கியது, பிறகு கொஞ்சம் ஏறியது. பாலம் இன்னும் கட்டவில்லை. தங்கம் அங்கேதான் இருக்கிறது. அதில் யார் எந்த விடையை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

என் விடை என்னவென்று இங்கேயும் எழுதப் போவதில்லை. மேடத்தின் விடை எனக்கே தெரியாது. படமும் கணக்கும் அனுப்பிய பிறகு, வேறு வேலையாகப் பேசுகிற சாக்கில் ஒன்றிரண்டு முறை அவர் குரலைக் கூர்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு இழை ஏறுகிறதா, தாழ்கிறதா என்று. வீரணன் என் முகத்தைப் பார்த்த அதே பார்வைதான். மேடம் எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பேசினார். அந்தக் குரலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்தது. பிறகு வேறு எவரிடமும் வராத ஒரு நிம்மதியும் வந்தது.

போன வருடம் மேடம் ஓய்வெடுத்துக்கொண்டார், அலுவலகத்தை மூடினோம். இப்போது கல்லின் படங்களை மென்பொருளே படித்துவிடுகிறது. இடைவெளிகளைக் கூட எண்ணிவிடுகிறதாம். இருக்கட்டும்.

நித்யா, உன் சித்தப்பாவிடம் இன்றைக்குப் பேசாமலிருந்தால் போதாது. நேற்று எதைப் பற்றியெல்லாம் பேசினாய் என்று நினைத்துப் பார். சொல்ல வந்தது இதுதான்.

இந்தத் தையில் வீரணன் என்னைத் தோப்புக்குக் கூட்டிப் போனார். வண்டியில் போகும்போது காற்றுக்கு மேலே கத்தினார்: "மச்சான், இப்ப ஆபீசும் இல்ல, விதியும் இல்ல. அந்தக் கம்பெனியப் பத்தி இப்பச் சொன்னா என்ன?"

காலம் கடந்துவிட்டது, சொல்லலாம்தான். யோசித்தேன். பதில் வாய்க்கு வருவதற்குள் அவரே, "வேணாம், சொல்லிராதீக. சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்?" என்றார்.

புதுத் தோப்பு. தோப்புக்காரர் எங்கள் கூடவே நடந்தார். வீரணன் வழக்கம்போல ஆரம்பித்தார்: இது கிழடு, இது நோஞ்சான், இதில் பூ நிக்காது. தோப்புக்காரர் என்னிடம், "நீங்க என்ன சொல்றீக சார்? படிச்சவுக" என்றார். "நல்லா இருக்குங்க" என்றேன். அடுத்த மரத்துக்கும் கேட்டார். "நல்லா இருக்குங்க."

கிணற்றோரம் ஐந்தாறு இமாம்பசந்த் மரங்கள். இலை தெரியாமல் பூ. வீரணன் அங்கே வந்ததும் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். மலையைப் பார்த்து, "கொடைக்கானல்ல மழையாய்யா?" என்றார்.

தோப்புக்காரர் பழுத்த ஆள். அவர் மலையைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க" என்றேன், முந்தின மரத்துக்குச் சொன்ன அதே குரலில்.